காற்றடிக்கிறதே, வெயில் என்ன செய்யும்?

திருகோணமலை நகரை அண்டிய ஊரொன்றிலிருந்து முப்பத்தெட்டு வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

இந்த முறை யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேருக்குக் குடும்பத்தோடு மோட்டார் சைக்கிளில் போக அவருக்கு ஆசை. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம், ஏறத்தாழ 235 கிலோமீற்றர். இவருடைய 150 சிசி பைக்கில் பெற்றோல் தாங்கிக்கு மேல் ஐந்து வயது மகன், பின்னால் பதினொரு வயது மகள், அவருக்கும் பின்னால் மனைவி. மச்சானின் ஸ்கூட்டரில் இவருடைய அம்மா. அம்மாவுக்கு அறுபத்துநான்கு வயது, இன்சுலின் போடுகிறவர், பிரஷருக்கும் குளிசை எடுக்கிறவர். அன்றைக்கு விரதமும் இருப்பார். காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து, சப்பறம் பார்த்து, அடுத்த நாள் தேர் பார்க்கலாம் என்பது திட்டம்.

ஏன் பைக்? போன வருடம் பஸ்ஸில் நின்றபடி போனதில் மகள் வழி முழுக்கச் சத்தி எடுத்திருக்கிறாள். இன்னொரு காரணத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் எழுதியிருக்கிறார். 2002இல், போரில் மூடிக்கிடந்த ஏ9 எனும் கண்டி-யாழ்ப்பாணப் பாதை திறந்து, அடுத்த வருடம் அப்பா இவரையும் தங்கையையும் பழைய ஹொண்டாவில் ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போனாராம். அப்பா இப்போது இல்லை. அந்தப் பயணத்தைத் தன் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்கிறார்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடும்போது காற்றடிக்கும், வெயில் தெரியாது. போன கிழமை மகனை ஏற்றிக்கொண்டு குச்சவெளி வரை போய் வந்தேன், பிள்ளைக்கு வியர்க்கக்கூட இல்லை. நாங்கள் வெயிலில் பிறந்து வளர்ந்த சனம். வேண்டுமென்றால் புறப்படும்போது ஆளுக்கொரு பனடோல் போடலாம், இல்லாவிட்டால் இரவில் போகலாம். டொக்டர், நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அவ கேட்பா" என்று கடிதம் முடிகிறது.

தம்பி, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படியே கூப்பிடுகிறேன். அந்த ஒரு வார்த்தையை என்னால் எழுத முடியாது. நீங்கள் போட்ட திட்டப்படி என்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் பைக்கில் நல்லூர் போகவே கூடாது என்றும் நான் சொல்லப் போவதில்லை. யார், எப்போது, எதில் என்பதை மாற்றினால் இந்தப் பயணத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

வியர்க்கவில்லை என்பது நல்ல செய்தியா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். குச்சவெளி போய்வந்தபோது மகனுக்கு வியர்த்துத்தான் இருக்கும். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும் உலர்ந்த காற்று, வியர்வை துளியாகத் திரளுவதற்கு முன்பே அதைக் குடித்துவிடும். வீட்டு முற்றத்தில் ஓடியாடினால் சட்டை நனையும், நமக்கும் கண்ணில் படும், "தண்ணி குடி" என்போம். பைக்கில் அந்த அடையாளம் இல்லை. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்க, தோல் மட்டும் காய்ந்து கிடக்கும்.

அதோடு காற்று எப்போதும் குளிர்விக்காது. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். காற்று அதைவிடக் குளிராக இருக்கும் வரை அது உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அதைவிடச் சூடாகிவிட்டால் கொடுக்கத் தொடங்கும். அடுப்புக்கு முன்னால் மின்விசிறியை வைத்தது போலத்தான். உங்களுக்குத் தெரியாததா? ஆனி, ஆடி, ஆவணியில் நம்முடைய ஊரில் வீசுகிற கச்சான் அந்த வகைக் காற்று. தென்மேற்கிலிருந்து வந்து, மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, காய்ந்து வருகிறது. கொடியில் போட்ட சறம் அரை மணித்தியாலத்தில் மொறுமொறுப்பாகக் காய்கிறதே, உங்கள் மகனும் அந்தக் காற்றில்தான் ஆறு மணித்தியாலம் இருக்கப் போகிறார்.

அதிலும் அவர் இருப்பது முன்னால். கீழே சூடான இயந்திரமும் வெயில் குடித்த தாங்கியும். முகத்துக்கு நேரே காற்று. சின்னப் பிள்ளைகளின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோல் பரப்பு நம்முடையதைவிட அதிகம், ஆகையால் வெளிச் சூட்டை வேகமாக வாங்குவார்கள். வியர்த்துத் தணிக்கும் திறனும் குறைவு. தாகம் என்று கேட்கவும் மாட்டார்கள், பைக்கில் போகிற சந்தோசம் அப்படி. பிறகு தலை மெல்லச் சாயும். "நித்திரையாகிவிட்டான்" என்று ஒரு கையால் அணைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டுவீர்கள். அது நித்திரையா, சூட்டில் வந்த சோர்வா என்று ஓடுகிற பைக்கில் வைத்து என்னாலும் சொல்ல முடியாது.

"வெயிலில் பிறந்த சனம்" என்பதில் பாதி உண்மை உண்டு. வெக்கையில் தொடர்ந்து வேலை செய்தால் ஒன்று, இரண்டு கிழமைக்குள் உடம்பு பழகிக்கொள்ளும். வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். ஆனால் அந்தப் பழக்கம் பிறப்பால் வருவதில்லை, விட்டால் போய்விடும். குளிரூட்டிய அலுவலகத்தில் எட்டு மணித்தியாலம் இருக்கிற உங்களுக்கு அது இருக்கும் என்று நான் நம்பவில்லை. அது உண்மையிலேயே இருக்கிற வயற்காரரைப் பாருங்கள். விடியலில் இறங்கி, பத்து மணிக்கு வரம்பேறி, மர நிழலுக்கு வந்துவிடுவார். நீங்களோ எட்டு மணிக்கு வெளிக்கிடுகிறேன் என்கிறீர்கள். அப்படிப் போனால் ஆனையிறவுக்கு நடுப்பகலில் வருவீர்கள். இரண்டு பக்கமும் நீரேரியும் உப்பு வெளியும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

2003இல் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மைதான். அப்போது உங்களுக்குப் பதினாறு வயது, மகனுக்கு இப்போது ஐந்து. அப்பா வழியில் எத்தனை இடத்தில் நிறுத்தினார், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார் என்று தங்கையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளாக இருந்தபோது நம் நினைவில் நிற்பது ஓடிய தூரம்தான், நிறுத்திய இடங்கள் நிற்பதில்லை.

பனடோல், இரவுப் பயணம்

பனடோல் வெயில் சூட்டைக் குறைக்காது. காய்ச்சலில் மூளை தானே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, பனடோல் அந்த அளவை இறக்கும். வெயிலில் மூளை எதையும் உயர்த்தவில்லை, வெளியிலிருந்து வந்த சூட்டை உடம்பால் வெளியேற்ற முடியவில்லை. அங்கே பனடோலுக்கு வேலையில்லை. நீர் வற்றிச் சூடேறிய உடம்பில் ஈரலுக்கு வீண் சுமை, அவ்வளவுதான். மகளுக்குச் சத்திக்கென்று பார்மசியில் வாங்கும் குளிசைகளையும் யோசித்துக் கொடுங்கள். அவற்றில் பல நித்திரையை வரவைக்கும், சில வியர்வையையும் குறைக்கும். பின்சீற்றில் தூங்கி விழுகிற பிள்ளையை யார் பிடிப்பது?

இரவில் போவது வெயிலுக்கு மருந்துதான். ஆனால் நீங்கள் போகிற பாதை ஹொரவப்பொத்தானைப் பாதை. அந்தப் பக்கக் காடுகளில் யானை இருக்கிறது, இருட்டில் தெருவுக்கு வரும். கறுத்த தார் வீதியில் நிற்கிற கறுத்த யானையை பைக் வெளிச்சத்தில் எவ்வளவு கிட்டப் போனால் காண்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வவுனியா தாண்டினால் வீதியில் படுத்திருக்கும் மாடுகள். இதற்கு மேல் அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எவருக்கும் கண் சொருகும், எத்தனை தேத்தண்ணி குடித்தாலும் சரி. ஆகவே நடுச்சாமமும் வேண்டாம், எட்டு மணியும் வேண்டாம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஆறு மணியளவில் கிளம்புங்கள்.

ஒரு பைக்கில் நான்கு பேர்

நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. நம்முடைய நாட்டில் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரும் பின்னால் ஒருவரும்தான் போகலாம், இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்குள் பொலிஸ் பார்த்தும் பார்க்காமல் விடுவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் எண்ணுவது தலைகளைத்தான். பெரியவரின் தலைக்கவசத்தைப் பிள்ளைக்குப் போட்டு நாடாவை இறுக்குவதும் சரிவராது. விழுகிறபோது அது கழன்று தனியாகப் போகும்.

இன்னொன்று, என் அனுபவத்தில் கச்சான் காலம் முழுக்கப் பார்க்கிறது: சைலன்சர் சூடு. பிள்ளைகளின் கெண்டைக்காலில், உள்ளங்கை அகலத்தில் வரும். ஒரு ஆவணியில் கூட்டிவந்த சிறுமியின் காலில் பற்பசை அப்பி, அதற்கு மேல் மஞ்சளும் பூசி, அதைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. சுட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், வேறெதுவும் பூசவும் வேண்டாம். மகளுக்கு நீளக் காற்சட்டை போட்டு, எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி

பிள்ளைகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள் அம்மாவுக்கு ஒன்றரை வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் பயம் தருவது அவருடைய நிலைமை.

இன்சுலின் போடுகிறவர், விரதம் இருக்கிறவர், ஆறு மணித்தியாலம் வெயிலில் ஸ்கூட்டரில். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரவே கூடாது. வெக்கையில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடம்பில் சேரும். சாப்பாடும் இல்லையென்றால் சீனி திடீரென்று இறங்கும். அப்போது வரும் வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, குழம்பிய பேச்சு எல்லாவற்றையும் "வெயில் அடித்துப் போட்டது" என்று நீங்கள் நினைப்பீர்கள். நிழலில் இருத்தி விசிறுவீர்கள், அவருக்குத் தேவைப்பட்டது சீனித் தண்ணீராக இருக்கும். பிரஷருக்கு எடுக்கிற குளிசைகளில் சில சிறுநீரைக் கூட்டுகிறவை. அவை நீர் வற்றுவதை இன்னும் விரைவாக்கும். அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்துவதோ இன்சுலினைக் குறைப்பதோ கூடாது. கிளினிக்கில் கேட்டு, பயண நாளுக்கும் விரத நாளுக்கும் என்ன அளவு என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

இன்சுலின் குப்பியை ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே வைக்கவே வேண்டாம், வெயிலில் அந்தப் பெட்டி கொதிக்கும். சூட்டில் கெட்ட இன்சுலினைப் பார்த்து எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. ஈரத் துணியில் சுற்றி, காற்றுப் படுகிற பையில், நிழலில் கொண்டுபோகலாம். நேரே ஐசில் வைத்தாலும் பழுதாகும். போகிற வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் ஈரமண் நிரப்பிய சட்டிக்குள் சின்ன மண்பானையை இறக்கி அதற்குள் வையுங்கள்.

விரதத்தை விடச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார், எனக்கும் ஓர் அம்மா இருந்தார். ஆனால் பயண நாளில் சாப்பிட்டு, நல்லூருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கிளினிக்கில் சம்மதித்தால் மட்டும், பாலும் பழமும் எடுக்கிற விரதமாக இருக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். தண்ணீர் குடியாத விரதம் அவருக்கு வேண்டவே வேண்டாம். இதை மகன் சொன்னால் எடுபடாது. குருக்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

அப்படியானால் எப்படிப் போவது?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். அம்மா, மனைவி, மகன் மூவரும் பஸ்ஸில் போகட்டும். தேருக்கு முதல் நாளில் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆகையால் இரண்டு நாள் முன்னதாக அனுப்புங்கள், அல்லது அயலில் போகிற இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வான் பிடியுங்கள். பஸ்ஸில் சத்தி எடுக்கிற மகள் உங்கள் பின்சீற்றில் வரட்டும். பதினொரு வயது, கால் மிதியில் முழுமையாகப் பதியும் என்றால், அளவான தலைக்கவசத்தோடு அவள் நல்ல பயணி. பொருட்களை ஏற்றிக்கொண்டு மச்சான் கூட வரட்டும். மகனின் முறை இன்னும் ஆறேழு வருடத்தில் வரும். தனக்கென்று ஒரு பயணம் மிச்சம் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிவையுங்கள். வரும்போது மனைவி பின்சீற்றுக்கு விரும்பினால் மகளை மச்சானோடு விடலாம். அதை அவரிடம் கேளுங்கள், நீங்களாக முடிவு எடுக்காதீர்கள்.

ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் எட்டு, எட்டரைக்கு வவுனியா. அங்கே முறையாகச் சாப்பாடு. பத்து மணிபோல் முறிகண்டி, எந்த வாகனமும் பிள்ளையாரைத் தாண்டிச் சும்மா போகாது, நீங்களும் அரை மணித்தியாலம் இறங்கி நில்லுங்கள். அங்கே விற்கிற கச்சானை உப்போடு கொறிப்பது நல்லதுதான், வியர்வையில் போன உப்புக்குக் கொஞ்சம் ஈடு. காற்றுக்கும் கடலைக்கும் நம் சனம் ஒரே பேரை வைத்தது ஏனென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பதினொரு மணிக்கு ஆனையிறவைத் தாண்டினால் வெயில் உச்சிக்கு வரும்போது கொடிகாமம், சாவகச்சேரித் தென்னைகளுக்குள் இருப்பீர்கள். முறிகண்டியிலேயே பிந்திவிட்டால் மூன்றரை வரை அங்கேயோ கிளிநொச்சியிலோ தங்குங்கள். சப்பறத்தின் தொடக்கம் தவறினால் தவறட்டும். வவுனியாவில் சொந்தக்காரர் இருந்தால் முதல் நாளே போய் அங்கே தங்கிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

தண்ணீர் விஷயத்தில் தாகத்தை நம்பவேண்டாம். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பெரியவர்கள் இரண்டு தம்ளர், மகள் ஒரு தம்ளர். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். ஜீவனி (நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) பக்கெட் நாலைந்து வைத்திருங்கள். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய நீர், கண்மட்டத்தில் தம்ளரில் கரைக்கிற வேலை வேண்டாம். இளநீர், உப்புப் போட்ட மோர், தேசிக்காய்த் தண்ணி எல்லாம் நல்லது. சோடாவும் சக்தி பானங்களும் இதற்கு மாற்றாகா. உடைக்கு வெளிர்நிறப் பருத்தியில் கை நீளச் சட்டை. கையை மூடினால் அவியும் என்று பயப்படாதீர்கள், இந்தக் காற்றில் மூடிய தோல்தான் தப்பும். நிறுத்துகிற இடத்தில் உள்பனியனையும் கழுத்துத் துவாயையும் நனைத்துப் போட்டால் அந்தக் காற்றே உங்களுக்கு வேலை செய்யும்.

எப்போது ஆபத்து?

கால் பிடிப்பு, தலையிடி, குமட்டல், தலைச்சுற்று வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நிழல், தண்ணீர், கால்களை உயர்த்திப் படுக்கை. அரை மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது. வழக்கமாக வாயாடுகிற மகள் பேச்சைக் குறைத்தாலும் அதே சட்டம்தான், சிணுங்குகிற பிள்ளையைவிட அமைதியாகிப் போன பிள்ளையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஓட்டுகிற உங்களுக்கும் இது பொருந்தும். நீர் வற்றினால் கை பிரேக்கைத் தேடப் பிந்தும், அது உங்களுக்கே தெரியாது.

பேச்சுக் குழறினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால், மயங்கினால், வலிப்பு வந்தால் அது வெப்பத் தாக்கு. உடம்பு உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். வியர்வை இருந்தாலும் ஏமாறவேண்டாம். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை காத்திருக்காமல் சட்டையைக் கழற்றி, கிடைக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, கக்கம், தொடை இடுக்கு. அந்த முதல் அரை மணித்தியாலத்தில் நீங்கள் செய்வதுதான் ஆளைக் காப்பாற்றும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன என்பதை மச்சானுக்கும் சொல்லிவையுங்கள்.

போய்ச் சேர்ந்த அன்று இரவு எல்லோரும் நேரத்தோடு படுங்கள். சூடு ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடாது, அடுத்த நாள் தேருக்கு வெறுங்காலோடு சுடுமணலில் நிற்கப் போகிறீர்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அம்மாவின் அடுத்த கிளினிக் எப்போது? கொடியேற்றத்துக்குப் பிறகு என்றால் அதுவரை பார்த்திருக்க வேண்டாம், கொப்பியை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே கூட்டிப் போங்கள். மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனால், திரும்பி வரும் வழியில் கடையில் நிறுத்தி அவளுடைய தலைக்கு அளவான தலைக்கவசம் ஒன்றைப் போட்டுப் பார்த்தே வாங்கிவிடலாம்.